அடுத்த மூட்டையின் விலை

எங்கள் மளிகைக்கடை காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை. அரிசி, கேழ்வரகு, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், வெல்லம், புளி என்று சரக்குகளின் பெயர்களை இடப்பக்கம் அப்பா வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். வலப்பக்கம் விலைக்கு. அது மட்டும் சாக்பீஸ். எழுதுவது அப்பா, அழிப்பது நான். ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து பிடிக்காது என்று அதற்கென்றே காய்ந்த கோணித்துண்டு ஒன்று ஆணியில் தொங்கும். 1973-லும் 74-லும் அந்தக் கோணித்துண்டுக்கு ஓய்வே இல்லை. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்து ஒரு விலை கேட்டுப் போனவர், அடுத்த செவ்வாய் வந்து வேறு விலை பார்த்துவிட்டு, பலகையைத் தலையிலிருந்து கால்வரை இன்னொரு முறை படிப்பார். பிறகு வாங்க நினைத்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போவார்.

1976 மாசி மாதம் எனக்கு 11 வயது முடிந்திருந்தது. அப்போது பலகையில் விலைகள் இறங்கியிருந்தன. ஏறியே பார்த்த கண்களுக்கு அது கோவில் திருவிழா போல இருந்தது. கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இந்திராம்மா சாட்டையைக் கையில எடுத்தாங்க, விலை தானா அடங்கிடுச்சு பாத்தியா" என்றார். திண்ணையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நெருக்கடி நிலை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. எதிர்ப்பேச்சு பேசுகிறவர்கள் திண்ணைக்கு வருவதை நிறுத்தியிருந்த நாட்கள் அவை.

அப்பா வாயே திறக்கவில்லை. இரவு கடை சாத்திவிட்டு வந்து, களி சாப்பிடும்போது அம்மாவிடம்தான் சொன்னார். "எண்ணெய் இறங்க ஆரம்பிச்சது இப்ப இல்ல. போனதுக்கு முந்தின தீபாவளி தாண்டினதுமே செவ்வாய்ப்பேட்டையில விலை தளர்ந்துடுச்சு. அப்ப எமர்ஜென்சி எங்க இருந்துச்சு?"

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் சரக்கு எடுப்பவர் அவர். எடுத்த தேதியும் விலையும் நீளவாட்டு நோட்டில் இருந்தன. தலைவர்களை எப்படி எடைபோடுவது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிறகு நான் பொருளாதாரம் படித்தேன், மேல்நிலைப் பள்ளியில் அதையே முப்பது வருஷம் நடத்தினேன். அப்பா அன்றைக்கு அம்மாவிடம் கேட்ட கேள்வியைவிட நல்ல கேள்வி எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. விலை திரும்பியது எப்போது? அதற்கு முன் நடந்தது என்ன?

நடந்தது இதுதான். 1972-ல் மழை பொய்த்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் நான்கு மடங்கானது. அதற்கு முன்பே வங்கதேசப் போரும் அகதிகளின் வருகையும் அரசின் கஜானாவைக் காலி செய்திருந்தன. பற்றாக்குறையை ஈடுகட்டப் பணம் அச்சாகி வெளியே வந்தது. இவை எல்லாம் சேர்ந்து மொத்த விலைக் குறியீட்டை ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் தூக்கின. 1974 ஜூலையில் அரசு ஒரு கசப்பு மருந்து கொடுத்தது. ரிசர்வ் வங்கி தன் வட்டி விகிதத்தை 7-லிருந்து 9 சதவீதமாக்கியது. சம்பள உயர்வைப் பிடித்துவைக்கவும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பில் போடவும் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்சம் தொட்ட விலைகள் அதன்பின் தளரத் தொடங்கின. அடுத்த பருவமழை நன்றாகப் பெய்தது. 1974-75-ல் 10 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்த உணவு தானிய விளைச்சல், 1975-76-ல் 12 கோடி டன்னைத் தாண்டியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 1975 ஜூன் 25 இரவு. அதாவது விலை திரும்பி முக்கால் வருஷம் கழித்து.

பதுக்கல்காரர்களுக்கு அன்று ஒரு பயம் இருந்தது உண்மை. அது கொஞ்சம் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மழைக்கும் வட்டிக்கும் சம்பள முடக்கத்துக்கும் சேர வேண்டிய பெயரைச் சிறைச்சாலைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அந்தத் தப்புக் கணக்கு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. "எமர்ஜென்சியில் விலைவாசி கட்டுக்குள் இருந்தது" என்று படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. விலையை இறக்க மனிதர்களை அடைத்துவைக்கத்தான் வேண்டும் என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால், அடுத்த முறை அடைக்க வருகிறவனுக்கு வழி சுலபமாகிவிடும்.

அந்த விலை இறக்கத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். சித்தப்பா அரசாங்க குமாஸ்தா. பஞ்சப்படி ஏறியது, ஆனால் பாதி கைக்கு வரவில்லை. பின்னாளில் தவணை தவணையாகத் திருப்பித் தந்தார்கள் என்றாலும், மூத்த மகளின் கல்யாணத்துக்கு அது வேண்டியிருந்தது அந்த வருஷம்தான். பாட்டிக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலை. எண்ணெய் இறங்கினால் கடலை இறங்காமல் இருக்குமா? திண்ணையில் எல்லோரும் கொண்டாடிய அதே மாசியில் பாட்டி கடலை மூட்டையை விற்காமல் திண்ணை மூலையில் அடுக்கி, சாக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகையில் அப்பா எழுதிய அந்த எண் வாங்குபவர்களுக்கு நிம்மதியாகவும் பாட்டிக்குப் பாரமாகவும் இருந்தது.

வகுப்பில் பணவீக்கம் நடத்தும்போது தேவை இழுப்பு, செலவு உந்து என்ற இரண்டையும் சொல்வேன். கைகளில் பணம் அதிகம், கடையில் பொருள் குறைவு என்றால் முதலாவது. டீசலும் கூலியும் ஏறி அது பொருளின் தலையில் விழுந்தால் இரண்டாவது. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நான் எங்கள் கடையில்தான் கற்றேன்.

1974-ல் ஒரு நாள். துவரம்பருப்பு மூட்டை பழைய விலைக்கு எடுத்தது, இன்னும் அரை மூட்டை இருக்கிறது. அப்பா பலகையில் விலையை ஏற்றி எழுதச் சாக்பீஸை எடுத்தார். "பழைய சரக்குதானேப்பா, எதுக்கு ஏத்தறீங்க?" என்று கேட்டேன். அவர் கல்லாப் பெட்டியைத் திறந்து காட்டினார். கசங்கிய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள், சில்லறை. "இதை எடுத்துட்டு நான் நாளைக்கு மண்டிக்குப் போவணும். பழைய விலைக்கு வித்தா லாபம் வரும், அடுத்த மூட்டை வராது."

வணிகன் விலை போடுவது விற்கிற மூட்டைக்கு அல்ல, அடுத்த மூட்டைக்கு. மண்டிக்காரரும் அப்படித்தான், லாரிக்காரரும் அப்படித்தான், கூலி கேட்கிற தொழிலாளியும் அப்படித்தான். நாளைக்கு ஏறும் என்று எல்லோரும் ஒருசேர நம்பிவிட்டால் அது இன்றைக்கே ஏறிவிடுகிறது. அந்த நம்பிக்கையை உடைப்பதுதான் ஓர் அரசும் மத்திய வங்கியும் செய்ய முடிகிற ஆகக் கடினமான வேலை. அதற்கு வருஷங்கள் ஆகும், வலி உண்டு. பலன் வரும்போது அதைச் செய்தவர் பதவியில் இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு உதாரணமாக நான் பிள்ளைகளிடம் சொல்கிற பெயர் சி. சுப்பிரமணியம். 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை இல்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. அரிசிக்கு அலைந்த தமிழ்நாடு 1967-ல் பக்தவத்சலம் ஆட்சியை வீட்டுக்கு அனுப்பியது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க.வின் முழக்கம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றவர், மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தவர் அவர். அவர் தோற்ற அந்த ஆண்டில் மழையும் பெய்தது, புது விதையும் முளைத்தது. 1966-67-ல் 7 கோடியே 40 லட்சம் டன்னாக இருந்த தானியம் மறு ஆண்டு 9 கோடியே 50 லட்சம் டன் ஆனது. அறுவடையின்போது அவர் நாடாளுமன்றத்தில் இல்லை. 1974 அக்டோபரில் நிதியமைச்சராகத் திரும்ப வந்தார். விலை இறங்கிய அந்த மாதங்களிலும் திண்ணையில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். விலையேற்றத்தை உடைக்க வட்டியை 20 சதவீதம்வரை கொண்டுபோன பால் வோல்க்கரை மத்திய வங்கியின் தலைவராக 1979-ல் நியமித்தவர் ஜனாதிபதி கார்ட்டர். 1980-ல் விலைவாசி 13.5 சதவீதம் ஏறியது, ரீகனிடம் கார்ட்டர் தோற்றார். 1983-ல் அது 3.2 ஆகியிருந்தது. மறு ஆண்டு ரீகன் மகத்தான வெற்றி பெற்றார். வோல்க்கரின் கையைக் கட்டாமல் விட்ட பெருமை ரீகனுக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இங்கே 1980 ஜனவரியில் வெங்காய விலையைச் சொல்லி வாக்குக் கேட்டு இந்திரா காந்தி திரும்ப வந்தார். அந்த 1980-81 நிதியாண்டில் மொத்த விலை 18 சதவீதம் ஏறியது. முந்தைய ஆண்டின் வறட்சிக்கும் ஈரான் புரட்சியால் ஏறிய எண்ணெய்க்கும் அவர் பொறுப்பில்லை. அவருக்கு முன் பிரதமராக இருந்த சரண்சிங்கும் பொறுப்பில்லை.

அப்படியானால் எந்தத் தலைவரையும் எதற்கும் கேட்கக் கூடாதா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டும், கையில் இருந்ததற்குக் கேட்க வேண்டும். 2009-ல் மழை 22 சதவீதம் குறைந்தது மன்மோகன் சிங் குற்றமல்ல. ஆனால் அடுத்த ஆண்டுகளிலும் அரசின் பற்றாக்குறை பெருத்து, வட்டி தாமதமாகவே ஏறி, 2013 வரை ஏறக்குறைய 10 சதவீத விலையேற்றம் ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஆட்சி பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வைத்தார்கள் மக்கள், 2014-ல். அந்த ஆண்டின் நடுவில் 110 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது மோடியின் சாதனையல்ல. ஆனால் அந்த வாய்ப்பை என்ன செய்தார் என்பது அவர் கணக்கு. லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் கலால் வரி 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 காசு வரை போனது. உலகச் சந்தையில் இறங்கியது எங்கள் பெட்ரோல் பங்குக்கு வந்து சேரவில்லை. அதே ஆட்சியில்தான் 2016-ல் ரிசர்வ் வங்கிக்கு 4 சதவீதம் என்ற இலக்கு சட்டமானது. அது நல்ல காரியம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

பெரும்பாலும் ஜனாதிபதியின் கையால் வந்த பணவீக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கடலைத் தாண்டினால் போதும். இலங்கையில் கோத்தபய ராஜபக்ச 2019 நவம்பரில் வந்தார். வந்த உடனே மதிப்புக் கூட்டு வரி 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. வருமானம் சுருங்கிய அரசுக்கு மத்திய வங்கி பணம் அச்சடித்துக் கொடுத்தது. 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தினார்கள், நெல்லும் தேயிலையும் விழுந்தன. கொரோனாவும் உக்ரைன் போரும் மேலே வந்து சேர்ந்தன, ஆனால் வீட்டுக்கு ஓட்டை முன்பே போட்டிருந்தார்கள். 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். செப்டம்பரில் கொழும்பின் விலையேற்றம் ஏறக்குறைய 70 சதவீதம். பின்னால் வந்த ரணில் விக்கிரமசிங்க அதைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்தார். 2024 செப்டம்பர் தேர்தலில் மூன்றாவது இடத்துக்குப் போனார்.

எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி என் மாணவி. வவுனியாவில் இருக்கும் பெரியம்மாவோடு போனில் பேசுவாள். அந்தத் தேர்தல் சமயத்தில், அங்கே விலை குறைந்துவிட்டதாமே என்று அவளிடம் கேட்டேன். பெரியம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்: "குறையேல்ல பிள்ளை. ஏறுறது நிண்டிட்டுது."

பணவீக்கம் பற்றி நான் எழுதிப்போட்ட எல்லா விளக்கங்களையும் இந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்துவிடலாம். பணவீக்கம் 70-லிருந்து பூஜ்யமானால் விலை பழைய இடத்துக்குப் போவதில்லை, ஏறிய இடத்திலேயே நின்றுகொள்கிறது. சம்பளம் பின்னாலேயே படியேறி வந்து சேரும்வரை குடும்பம் மூச்சுத் திணறும். 2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், அப்போதைய கணக்கெடுப்பு வரிசையிலேயே மிகக் குறைவு என்று செய்தி வந்தது. என் மனைவி மளிகை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எங்க குறைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். வவுனியா பதிலைத்தான் நானும் சொன்னேன்.

அதனால்தான் "அந்தக் காலத்தில் எல்லாம் சல்லிசு" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அப்பாவின் பலகையை நான்தானே துடைத்தேன். எங்கள் கடலைக் காட்டில் களை வெட்ட வந்த பெண்களுக்கு அப்போது நாள் கூலி ஏறக்குறைய இரண்டு ரூபாய். அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ கேழ்வரகின் விலை. மாலையில் நேராகக் கடைக்கு வந்து கேழ்வரகும், பழைய அணாக் கணக்கிலேயே கேட்டு மிளகாயும், பாட்டிலின் அடியில் நிற்கிற அளவு எண்ணெயும் வாங்குவார்கள். கையில் மிச்சம் இருக்காது. இன்றைக்கு அவர்களின் பேத்திகள் ஒரு நாள் கூலியில் பல மடங்கு தானியம் வாங்க முடியும், ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசமாகவே வருகிறது. பலகையில் இருக்கும் விலையைக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் எந்த ஆட்சியையும் எடைபோட முடியாது. 1976-ன் இறங்கிய விலைகளுக்கு அருகில் இரண்டு ரூபாய்க் கூலியை எழுதிப் பார்த்தால், திண்ணையில் அன்றைக்குத் தலையாட்டியவர்களில் எத்தனை பேர் ஆட்டியிருப்பார்கள்?

பெரியப்பா மகன் அண்ணன் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றபோது அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வழக்கமாக அள்ளிக் கொடுப்பவர் அன்றைக்குத் தராசில் வைத்தார். "தப்பா நினைச்சுக்காத தம்பி, மூணு வருஷக் கடன் இருக்கு" என்றார். மனசார எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதம் நாட்டின் பணவீக்கம் 7.44 சதவீதம். ஊரெல்லாம் ஆட்சியைத் திட்டியது. அண்ணனின் மனைவி அடகு வைத்திருந்த நகையில் ஒன்று மீண்டு வந்தது.

2025 சித்திரை பிறந்த வாரம் மறுபடி போனேன். மார்ச் மாதப் பணவீக்கம் 3.34 சதவீதம், 2019 ஆகஸ்டுக்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை என்று அன்றைய பேப்பரில் இருந்தது. பேப்பர் என் பையில் இருந்தது, எடுக்கவில்லை. அண்ணன் வரப்பில் குந்தியிருந்தார். செடியெல்லாம் சிவப்பு. பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை, மண்டி கமிஷன் என்று போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக் கூட்டி, கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார். மண்டியில் கிடைக்கிற விலை பறித்து அனுப்புகிற செலவுக்கே எட்டவில்லை.

"மருந்துக் கடைக்காரன் விலையை இறக்கினானா? உரக்கடைக்காரன் இறக்கினானா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அண்ணி இரண்டு வரிசை மட்டும் பறித்து, ஒரு பெரிய பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து என் வண்டியில் மாட்டினார். பணத்தை எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து மூடினார்.

"வேணாம் தம்பி. இந்த விலைக்கு உங்கிட்ட காசு வாங்கினா, அப்புறம் இதுதான் இதோட விலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."